பதினைந்து நூல் தூரம்

ரேணுகாம்பாள் வீட்டில் காலண்டரும் கண்ணாடியும் அவள் புருஷன் கலியனின் காக்கிச் சட்டையும் சுவரில் தொங்கவில்லை, சுவருக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் தொங்கின. முப்பத்து மூன்று வருடமாக அப்படித்தான். காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் இது தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் குடியிருந்த தெருக்களில் விசாரித்தால் பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர்வரை ஆமாம் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள், மறுநாள் அதே கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு போவார்கள். மனுஷனுக்கு எதுதான் பழகாது?

கூரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் அதே ஊர்க் கலியனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள் அவள். காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று சொல்லித்தான் பெண்ணைக் கொடுத்தார்கள். ஆணி அடித்துப் பிழைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறை. சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சட்டம் படித்துவிட்டார்: எண்ணெய்த் தலையோடு சுவரில் சாயக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முதல் சட்டம் அவளுக்கு உறைக்கவில்லை, இரண்டாவது உறைத்தது. அம்மா வீட்டிலிருந்து முருகர் படம் போட்ட காலண்டர் ஒன்றைச் சுருட்டி ஆசையாகக் கொண்டுவந்திருந்தாள். கதவைச் சாத்தினாள். ஆணி இருந்தால் எங்கே இருக்குமோ அதற்கு நேராகக் காலண்டரைப் பிடித்து, எக்கேடோ கெட்டுப் போ என்று கையை விட்டாள். அது விழவில்லை. சாயங்காலம் வந்த கலியன் காலண்டருக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். "கொழம்பு இன்னா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறினார்கள். போன இடமெல்லாம் அவள் கைபட்டு விட்ட பொருள் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் ஆடவில்லை. வீட்டுத் தரகர்கள் அவளை 'ஆணி அடிக்காத குடும்பம்' என்று சொல்லியே வீடு பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும், சாமான்கள் அறைக்குள் ஒரு சாண் இடத்தை அடைக்கிறதே என்று வாடகையைக் கொஞ்சம் ஏற்றினார், ஏற்றுகிறவனுக்குக் காரணமா கிடைக்காது? பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பொருளையும் மாட்டித் தரச் சொல்லி எடுத்து வந்தார்கள். அவற்றை அவள் விட்டதுமே பொத்தென்று விழுந்தன. பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். போட்டோவில் காலண்டர் சாதாரணமாகச் சுவரில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது, அவர் பஸ் செலவு போனதுதான் மிச்சம். ஊர் இதை வரம் என்றது. ரேணுகாம்பாளுக்கு மட்டும் அந்தக் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அவள் கேட்டது வளைகூட இல்லை, ஒரு ஆணி அடிக்கிற இடம். யாரையும் கேட்காமல், ஓங்கி, தெருவுக்கே சத்தம் கேட்கிற மாதிரி ஒரு ஆணி.

அந்த ஆசை நெஞ்சில் முள்ளாக மாறியது மாமியார் காமாட்சியம்மாள் செத்த அன்றைக்கு. பெரியாஸ்பத்திரியில் உயிர் போனது. அப்போது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான், கோயில் பிரசாதம் கிடைத்தால் இவர்களுக்கும் ஒரு பங்கு கொடுப்பவர். வாசலுக்கு வந்து மிகவும் மரியாதையாக, "தப்பா நெனைக்காதீங்கமா, வாடகை வீட்டுக்குள்ள பொணத்தக் கொண்டாரக் கூடாது, எங்களுக்கு ஆவாது" என்று சொன்னார். மளிகைக் கடை ஓரமாக, தூறலில், மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கிழவியை வைத்திருந்தார்கள். கூரத்துச் சனம் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட வேண்டியதாயிற்று. மாட்டி வைக்கக் கிழவிக்குப் படம் என்று ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை. கலியன் அதைப்பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ரேணுகாம்பாள் பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை. நம்மையும் இப்படித்தானே கடை வாசலில் கிடத்துவார்கள் என்று பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசியாகக் குடியிருந்தது ஒலிமுகமதுபேட்டையில், உம்முசல்மா என்ற அம்மாளின் வீட்டு மாடியில். ஒன்பது வருடம். பெருநாளுக்குப் பிரியாணியும் பொங்கலுக்குக் கரும்புமாக மேலும் கீழும் போய் வந்த உறவு. கொரோனா வந்து போன மறுவருடம் உம்முசல்மா மாடியேறி வந்து, காற்றில் தொங்கும் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழுதார். மகன் ஃபைசான் துபாய் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வருகிறான், மாடி வேண்டும்.

"உன்னப் போவச் சொல்ல எனக்கு வாய் வர்ல ரேணு."

"நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க, உங்க புள்ள வரான். நாங்க பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொள்ளக் கிளம்பியபோதுதான் தெரிந்தது, ஆணி அடிக்காத குடும்பத்துக்கும் இப்போது வீடு இல்லை. கலியனுக்கு அறுபத்தொன்று, அவளுக்கு ஐம்பத்தைந்து. வயசானவர்களுக்கு வீடு விட்டால் நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் தரகரிடம் சொன்னார்கள். சிலர் நேராக அவளிடமே சொன்னார்கள். அன்றைக்குத்தான் ரேணுகாம்பாள் சொந்த வீடு வாங்குவது என்று முடிவுசெய்தாள். கலியன் சிரிக்கவில்லை, பயந்துபோனான். அவனுக்குக் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. அவளுக்குப் பட்டுப்புடவைகளின் முந்தானையில் தொங்கும் இழைகளை முடிந்து குஞ்சம் கட்டுகிற வேலை, கடைக்காரர்கள் புடவைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள்.

"சாவுற வயசுல எதுக்கு ரேணு கடன்?" என்றான்.

"சாவுறதுக்காவது ஒரு சொவரு வேணாமாய்யா?" என்றாள்.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கமாக ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. ஒரு கூடம், ஒரு அறை, அடுப்படி, தளம் போட்டது. முதலில் போன வங்கியில் மேலாளர் அவள் ஆதாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார். ரிட்டயர்மென்ட் எப்போது என்றார். குஞ்சம் கட்டுகிறவளுக்கு ரிட்டயர்மென்ட் ஏதுப்பா என்று அவள் திருப்பிக் கேட்டாள். வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்றார். இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினாள். பட்டிழை அறுத்து அறுத்து விரல்களில் கோடு விழுந்திருந்தது. அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். பாவம், அவர் கணினியில் விரலுக்கு இடம் இல்லை.

சின்ன வருமானக்காரர்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கிற கம்பெனி ஒன்றிலிருந்து விஷால் என்ற பையன் வீடு பார்க்க வந்தான். இப்போது இருக்கிற வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். காற்றில் நின்ற காலண்டரை ஒருமுறை சுற்றி வந்தான். அதை எதில் சேர்ப்பது என்று யோசித்துவிட்டு, 'சுவர் சேதம் இல்லை' என்று குறித்துக்கொண்டான். காலையிலிருந்து மத்தியானம்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்து எத்தனை புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறாள் என்று பார்த்தான். நடுவில் அவனே இரண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்து, இழையை அறுத்து, அவளிடம் திட்டும் வாங்கினான். போகும்போது, கடன் கிடைக்கும், ஆனால் எழுபது வயதுக்குள் முடிய வேண்டும், அதனால் பதினைந்து வருடம்தான், மாதா மாதம் ட்யூ கொஞ்சம் கூடுதலாக வரும், சம்பளக்காரர் ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

அவர்களுக்கு இருந்த ஒரே சம்பளக்காரி மகள் ஜெயப்ரியா. அய்யம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேன் ஏறிப் போய் வருகிறவள். மாப்பிள்ளைக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாளைக்கு உங்க அம்மா அப்பாவுக்கு ஏதாவது ஆனால் ட்யூ யார் தலையில் விழும் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். ஜெயப்ரியா ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. ரேணுகாம்பாள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் மகள் வீட்டு வாசலிலேயே நின்றாள், உள்ளே போகவில்லை.

"உள்ள வாம்மா, வெளிய நின்னுக்கினு இன்னா பண்ற?"

"உனுக்கு இஸ்டம் இல்லன்னா போட வேணாம்டி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"ஆயாவ மளிகக் கட ஓரமா வெச்சப்ப அந்த ஷீட்டோட ஒரு முனைய நாந்தான புடிச்சினு நின்னேன்," என்றாள் ஜெயப்ரியா. "அதுக்குத்தான் போன் எடுக்கல. எடுத்தா அழுதுருவேன். எங்க போடணும், சொல்லு."

கிரயம் முடிந்தது. அசல் பத்திரம் கம்பெனிக்குப் போயிற்று, நகல் இவள் கைக்கு வந்தது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். உம்முசல்மா ஒரு குடத்தோடு வந்திருந்தார். பூச்சு வேலையும் வெள்ளையும் செய்து கொடுத்த கொத்தனார் அப்பாதுரை குடும்பத்தோடு வந்திருந்தார். பால் பொங்கியதும் ரேணுகாம்பாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியலை எடுத்தாள். ஒரு நல்ல ஆணியை ஓங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அடித்தாள், அழுதுகொண்டே அடித்தாள். சுவர் மறுப்பு சொல்லாமல் ஆணியை வாங்கிக்கொண்டது. காலண்டரை எடுத்து ஆணியில் மாட்டிக் கையை விட்டாள். காலண்டர் ஒரு மூச்சு நேரம் ஆணியில் இருந்தது. பிறகு, தெரியாத வீட்டில் உட்காரச் சொன்னால் எழுந்துகொள்கிறவர்களைப்போல, ஆணியை விட்டு மெல்ல வெளியே வந்து காற்றில் நின்றது.

கலியன்தான் போய் நடுவில் விரலை விட்டுப் பார்த்தான். ஒரு சாண் இல்லை. இரண்டு விரல் கொஞ்சம் தாராளமாகப் போயிற்று. அப்பாதுரை இடுப்பிலிருந்து டேப்பை உருவிப் பிடித்து, ரெண்டு இஞ்சுக்குத் துளி கம்மி என்றார். சும்மா கிடக்கிற ஆணி கண்ணைக் குத்தும் என்று அதைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தும் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி ரேணுகாம்பாளுக்கு விஷயம் தானாகவே விளங்கிவிட்டது. அடுத்தவன் வீட்டில் ஒரு சாண் தூரம். இங்கே இரண்டு விரல் தூரம், அந்த இரண்டு விரலும் கம்பெனிக்காரனுடையது. கட்டக் கட்டக் குறையும். இதை ஒருவர் சொல்லி இன்னொருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கடன் வாங்கினவளுக்குத் தெரியும்.

கட்டினார்கள். தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை, அவள் பகல் போதாமல் பாதி ராத்திரிவரை குஞ்சம் கட்டினாள், ஒரு ட்யூ தள்ளிப் போகவில்லை. கலியன்தான் ஆச்சரியம். கடனுக்கு அத்தனை பயந்தவன் அந்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மண்டபத்திலிருந்து வந்ததும் கூடத்துச் சுவரில் எண்ணெய்த் தலையை அழுத்திச் சாய்ந்து, காலை நீட்டி உட்காருவான். வெள்ளைச் சுவரில் தலையளவு கறை விழுந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டால், "கெடக்கட்டும், யாரு கேக்கப் போறா?" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் முடிந்தபோது அப்பாதுரையைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டேப்பைப் பார்த்து, "கொறஞ்சிருக்குதுமா, ஒரு நூலு உள்ள வந்திருக்குது," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். ரேணுகாம்பாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டின ட்யூவுக்கு ஒரு நூல். பட்டு நூல் எவ்வளவு பருமன் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? மடியில் கிடந்த முந்தானை இழைகளை எடுத்துத் தன் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பரப்பிப் பார்த்தாள். இருநூறைத் தாண்டியும் விரல் மூடவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டாள். இருநூறு வருடம். காமாட்சியம்மன் தேர் இருநூறு தடவை வீதி சுற்றி வந்தாலும் இந்தக் காலண்டர் சுவரைத் தொடப்போவதில்லை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, வாய் ஓயாதவள் வாயை மூடிக்கொண்டாள். சோற்றில் கை வைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கலியன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான், ஜெயப்ரியா வந்து வந்து போனாள். நாலைந்து மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் காலையில் கிளம்பி நேராகக் கம்பெனிக்குப் போய், வீட்டுச் சாவியை விஷாலின் மேஜைமேல் வைத்தாள்.

"எடுத்துக்கப்பா. எரநூறு வருசம் ட்யூ கட்ட எனுக்கு ஆயுசு இல்ல."

"ஆன்ட்டி, பதினஞ்சு வருஷம்தான். ஒண்ணரை வருஷம் ஆச்சு. நல்லாத்தான கட்டினு இருக்கீங்க?"

"உன் கம்ப்யூட்டர் அப்பிடித்தான் சொல்லும். சொவரு வேற சொல்லுது."

விஷாலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல பிள்ளை, சாவியை எடுத்துக்கொண்டு அவளைத் தன் வண்டியிலேயே வீட்டுக்கு அழைத்து வந்தான், வழியில் அளந்தவர் யார் என்று கேட்டு அப்பாதுரையையும் வரச் சொன்னான். கூடத்தில் நின்று அவள் இழைக் கணக்கைச் சொல்லி முடித்ததும் அப்பாதுரை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே. என் நூலு வேற, உன் நூலு வேறமா!" டேப்பை இழுத்து ஒரு அங்குலத்துக்குள் இருந்த சின்னக் கோடுகளைக் கட்டை விரல் நகத்தால் தொட்டுக் காட்டினார். "இந்த ஒரு கோடு ஒரு நூலு. இஞ்சுக்கு எட்டு நூலு. தச்சனுக்கும் கொத்தனுக்கும் நூலுன்னா இதான். அன்னிக்குப் பதினஞ்சு நூலு இருந்துச்சு. ஒரு வருசத்துல ஒண்ணு போச்சு."

ரேணுகாம்பாள் அந்தக் கோடுகளை வெகு நேரம் பார்த்தாள். வருடத்துக்கு ஒன்று. பதினைந்து. எழுபது வயது. பட்டு விற்கிற ஊரில் இந்த மனிதர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று அப்பாதுரையைத் திட்டினாள். திட்டி முடித்ததும் அடுப்படிக்குப் போய்ப் பழைய சோறு ஒரு குண்டான் நிறையப் போட்டுக்கொண்டு வந்து, மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மோர் மிளகாயோடு முழுதும் சாப்பிட்டாள். கலியன் சுவரில் சாய்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பதினாலு வருடம் என்பது அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்கு மறு ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், கலியன் மண்டபத்திலிருந்து வந்து வழக்கம்போலச் சாய்ந்து உட்கார்ந்து காப்பி கேட்டான். அவள் டம்ளரோடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. அவனைக் கூடத்தின் நடுவில் கிடத்தினார்கள். பகலெல்லாம் சனம் வந்தது. உம்முசல்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். கூரத்தில் நடமாட முடியாதவர்கள்வரை வந்து சேர்கிற வரைக்கும், மறுநாள் மத்தியானம்வரை, அவன் தன் வீட்டில் படுத்திருந்தான். வீட்டுக்காரர் என்று யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. ரேணுகாம்பாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நடுநடுவே வாசலைப் பார்த்து, யாரும் வரவில்லை என்று கண்டு, அதற்கும் அழுதாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கலியன் படத்தை மாட்ட எடுத்தார்கள். எங்கேம்மா மாட்டுவது என்று ஜெயப்ரியா கேட்டதற்கு, எப்பவும்போலத்தான் என்று சொல்லி, காலண்டருக்கு நேராக அதே தூரத்தில் படத்தைப் பிடித்து விட்டாள். படம் நிற்கவில்லை, நேராக அவள் கையிலேயே விழுந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அவள் வீட்டுப் பொருள் ஒன்று விழுந்தது அதுதான் முதல் தடவை. மறுபடி விட்டாள், மறுபடி விழுந்தது. அப்பாதுரை சுத்தியலை நீட்டினார். அவளே அடித்தாள். ஆணியில் மாட்டினாள். கலியன் ஊரில் எல்லார் வீட்டுப் படத்தையும்போலச் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு தொங்கினான். ஜெயப்ரியா ஒரு செய்தித்தாளை நடுவில் செருகப் பார்த்தாள், போகவில்லை. அப்பாதுரை டேப்பை வைத்துவிட்டு, "உன் நூலும் இல்ல, என் நூலும் இல்லமா," என்றார். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு. மகளும் அவளுமாகக் கட்டுகிறார்கள். போன மாதம் ட்யூ கட்டிவிட்டு வந்தவள், கூடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் காற்றில் நின்ற காலண்டரையும் சுவரோடு சேர்ந்திருந்த அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"ட்யூவெல்லாம் நான் கட்டறேன், நீ மட்டும் போய்ச் சேந்துட்ட இல்ல," என்றாள். "இருய்யா. வந்துக்கினுதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு அடுத்த புடவையை மடியில் விரித்து முதல் இழையைப் பிரித்தாள். காலண்டர் சுவருக்குப் பன்னிரண்டு நூல் தூரத்தில் இருந்தது.